படத் திருத்தமும் படங்களின் ஒழுங்கும்: புதிய மென்பொருளைப் பழகுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒளிப்படங்களைத் திருத்துவதையும், அவற்றை வகைப்படுத்தித் தேடி எடுப்பதையும் ஒரே இடத்தில் செய்ய உதவும் மென்பொருள்களைப் புதிதாகப் பழகுவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள், டிஜிகேம் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. பொத்தான்களின் பெயர்களும் இடங்களும் வேறுபட்டாலும் இவை இயங்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இத்தனை மென்பொருள்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பும் அதன் இலவச மாற்றாகப் பலர் கருதும் ஜிம்ப்பும் ஒரு நேரத்தில் ஒரு படத்தைத் திறந்து, அதன் புள்ளிகளையே (பிக்சல்களையே) மாற்றும் கருவிகள். பின்னணியில் நிற்கும் ஒரு கம்பத்தை அழிக்கவோ இரண்டு படங்களை ஒட்டவோ அவை சிறந்தவை. பத்தாயிரம் படங்களை அடுக்கிவைக்க அவை உதவா. நாம் இங்கே பேசுவது, ஏராளமான படங்களை அடுக்கவும் தேடவும் திருத்தவும் உதவும் இரண்டாவது வகையைப் பற்றி. லைட்ரூம் கிளாசிக்குக்குச் சந்தா கட்ட வேண்டும். டார்க்டேபிளும் டிஜிகேமும் இலவசம். திருத்தும் ஆற்றலில் டார்க்டேபிளும், அடுக்கித் தேடும் வசதியில் டிஜிகேமும் முன்னே நிற்கின்றன. லைட்ரூம் இரண்டிலும் போதுமான அளவு செய்யும். பழகுவதற்கும் அதுவே எளிது என்பது என் கருத்து.

ஒரு சிறு எச்சரிக்கை: 2017இலிருந்து லைட்ரூம் என்ற பெயரில் இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. 'கிளாசிக்' என்று முடிவது உங்கள் கணினியிலுள்ள கோப்புறைகளை அடிப்படையாகக் கொண்டது. வெறும் 'லைட்ரூம்' என்பது இணையச் சேமிப்பகத்தை மையமாகக் கொண்டது. ஒன்றுக்கான செய்முறை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டு மற்றொன்றில் பொத்தானைத் தேடிக் களைத்தவர்கள் ஏராளம்.

படங்களை 'இறக்குமதி' செய்துவிட்டேன். இப்போது அவை மென்பொருளுக்குள் இருக்கின்றனவா?

இல்லை. குழப்பங்களில் பாதி இந்த ஒரு சொல்லிலிருந்துதான் பிறக்கிறது. படங்கள் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஏதோ ஒரு கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகத்தான் இருக்கின்றன. மென்பொருள் செய்வதெல்லாம், ஒவ்வொரு படமும் எந்த டிஸ்க்கில், எந்தக் கோப்புறையில், எந்தப் பெயரில் இருக்கிறது என்பதைத் தன் பேரேட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்வதுதான். நூலகத்தின் அட்டவணைப் பெட்டியில் இருப்பது புத்தகம் அல்ல, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் அட்டை மட்டுமே; அதைப் போன்றதுதான் இதுவும். லைட்ரூமில் இந்தப் பேரேட்டுக்குக் கேட்டலாக் என்று பெயர். மற்ற இரண்டிலும் தரவுத்தளம் என்கிறார்கள். நீங்கள் தரும் நட்சத்திரங்கள், எழுதும் குறிச்சொற்கள், லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் செய்யும் திருத்தங்கள் எல்லாம் அந்தந்தப் படத்தின் வரிக்குப் பக்கத்தில் எழுதப்படுகின்றன.

இதனால்தான் இறக்குமதித் திரையில் வரும் ஒரு கேள்வியைக் கவனித்துப் படிக்க வேண்டும். 'நகலெடுத்துச் சேர்' என்றால் கோப்புகள் மெமரி கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் படியெடுக்கப்பட்டு, பிறகு பேரேட்டில் பதிவாகும். 'இருக்கும் இடத்திலேயே சேர்' என்றால் படியெடுப்பு நடக்காது. பதிவு மட்டும் நடக்கும். ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் பழைய படங்களுக்கு இரண்டாவது வழியே சரியானது. ஆனால் கேமராவிலிருந்து எடுத்த கார்டைச் செருகிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால், பேரேடு அந்தக் கார்டைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். சின்னஞ்சிறு முன்னோட்டப் படங்கள் திரையில் அழகாகத் தெரியும். அதை நம்பிக் கார்டை ஃபார்மட் செய்தால் மூலப் படங்கள் போய்விடும். கார்டு என்று கண்டதும் அந்தத் தேர்வையே மூடிவிடும் மென்பொருள்களும் உண்டு, மூடாதவையும் உண்டு. எனவே கார்டை அழிப்பதற்கு முன், மென்பொருளுக்கு வெளியே, டிஸ்க்கிலுள்ள கோப்புறையை நேரடியாகத் திறந்து கோப்புகளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கோப்புறையை வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். எல்லாப் படங்களிலும் எச்சரிக்கைக் குறி வருகிறது. படங்கள் அழிந்துவிட்டனவா?

அழியவில்லை. வீடு மாறியது பேரேட்டுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பழகத் தொடங்கிய முதல் ஆண்டில் நானும் இதையே செய்தேன். டிஸ்க் நிறைந்துவிட்டதே என்று ஒரு மாலையில் மூன்று ஆண்டுப் படங்களைக் கோப்பு மேலாளரில் இழுத்து வெளி டிஸ்க்கில் போட்டேன். மறுநாள் மென்பொருளைத் திறந்தால் எந்தப் படத்தையும் காணவில்லை என்றது. அதைவிட மோசமான தவறை அதற்குப் பிறகுதான் செய்தேன்: பதற்றத்தில் எல்லாவற்றையும் புதிய இடத்திலிருந்து மறுபடி இறக்குமதி செய்தேன். மென்பொருள் அவற்றைப் புதிய படங்கள் என்றே எண்ணிக்கொண்டது. பழைய வரிகளோடு ஒட்டியிருந்த திருத்தங்களும் நட்சத்திரங்களும் ஒரு பக்கம் நிற்க, எதுவும் இல்லாத புதிய வரிகள் மறுபக்கம் நின்றன. இரண்டையும் பிரித்தெடுக்க ஒரு வார மாலைகள் போயின.

செய்ய வேண்டியது இதுதான்: காணாமல்போன கோப்புறையின் பெயரை மென்பொருளின் பக்கப் பட்டியில் வலது கிளிக் செய்து, அதன் புதிய இடத்தைக் காட்டும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். மேல்நிலைக் கோப்புறையைக் காட்டினால் அதற்குள் இருப்பவை தாமாகவே பொருந்திக்கொள்ளும். இனிமேல் நகர்த்துவதையும் பெயர் மாற்றுவதையும் மென்பொருளுக்கு உள்ளிருந்தே செய்யுங்கள்.

திருத்தும்போது மூலப் படம் கெட்டுப்போகுமா?

லைட்ரூமிலும் டார்க்டேபிளிலும் கெடாது. திருத்தம் என்பது இங்கே ஒரு குறிப்பு மட்டுமே: 'வெளிச்சத்தை இவ்வளவு கூட்டு, இந்த ஓரத்தை வெட்டு'. திரையில் காட்டும்போதும், ஏற்றுமதி செய்யும்போதும் (அதாவது திருத்தத்தோடு கூடிய புதிய கோப்பாக வெளியே எடுக்கும்போதும்) அந்தக் குறிப்பு மூலத்தின் மீது புதிதாக நிறைவேற்றப்படுகிறது. ஐந்து ஆண்டுகள் கழித்தும் 'மீட்டமை' என்று அழுத்திப் பழைய நிலைக்குத் திரும்பலாம். 'சேமி' பொத்தானைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஆனால் டிஜிகேமின் படத்திருத்தி புள்ளிகளை மாற்றும் வகையைச் சேர்ந்தது. அதில் மூலத்தின் மேலேயே எழுதாமல் புதிய பதிப்பாகச் சேமிக்கும் அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரா கோப்பில் எடுப்பது அவசியமா? ஜேபெக் போதாதா?

ரா என்பது கேமராவின் சென்சார் பதிவுசெய்த தகவலை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கும் கோப்பு. கேமரா ஜேபெக்கை உருவாக்கும்போதே நிறம், கூர்மை, ஒளிமாறுபாடு எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டு மிச்சத் தகவலை எறிந்துவிடுகிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. 14 பிட் ரா கோப்பில் 16,384. நிழலில் மூழ்கிய முகத்தை வெளியே கொண்டுவரும்போது இந்த வேறுபாடு தெரியும்: ஜேபெக்கில் தோல் திட்டுத்திட்டாகும், ராவில் பெரும்பாலும் தாங்கும். ஆனால் ரா கோப்புகள் டிஸ்க்கை வேகமாக நிரப்பும். ஒவ்வொன்றையும் நீங்களே ஒரு கை பார்த்தாக வேண்டும். திருத்துவதில் ஆர்வமில்லை, அடுக்கிவைத்தால் போதும் என்பவருக்கு ஜேபெக்கே சரி.

கோப்புறைகளுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், எண்களால். '2024-03-17' என்று எழுதினால் அகரவரிசையும் காலவரிசையும் ஒன்றாகிவிடும். நாளை முன்னால் வைத்தால் எல்லா மாதங்களின் பதினேழாம் தேதிகளும் ஒன்றுசேர்ந்து நிற்கும். கோப்புகளின் பெயரையும் இறக்குமதியின்போதே தேதி, நேரத்தைக் கொண்டு மாற்றச் சொல்லலாம். கேமராவின் வரிசை எண் 9999ஐத் தொட்டதும் 0001க்குத் திரும்பிவிடும் என்பதால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு படங்கள் உருவாகும் நாள் எல்லோருக்கும் ஒருநாள் வரும்.

யார், எங்கே, என்ன நிகழ்ச்சி என்பதையெல்லாம் கோப்புறை அடுக்கில் சொல்ல முயலாதீர்கள். ஒரு படம் ஒரு கோப்புறையில்தான் இருக்க முடியும். பாட்டியும் கடலும் ஒரே படத்தில் இருந்தால் அதை எங்கே வைப்பீர்கள்? அதற்குத்தான் குறிச்சொற்கள்.

ஒரே நாளில் எண்ணூறு படங்கள் எடுத்துவிட்டேன். எங்கே தொடங்குவது?

திருத்துவதில் தொடங்காதீர்கள். முதல் சுற்றில் கழிப்பது மட்டுமே வேலை. படத்தைத் திரை முழுவதும் விரித்து, லைட்ரூமில் பி விசையால் 'வைத்துக்கொள்' என்றும் எக்ஸ் விசையால் 'தள்ளு' என்றும் குறியுங்கள். கேப்ஸ் லாக் விசையை இயக்கி வைத்தால், குறித்தவுடன் அடுத்த படம் தானாகவே வரும். டார்க்டேபிளில் ஆர் விசை தள்ளுவதற்கு; 1 முதல் 5 வரையிலான எண்கள் நட்சத்திரங்களுக்கு. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் தராதீர்கள். கண் மூடியது, குலுங்கியது, ஒரே காட்சியின் ஏழாவது நகல் ஆகியவை இந்தச் சுற்றிலேயே போய்விடும். இரண்டாம் சுற்றை மறுநாளுக்கு ஒத்திவைத்தால் தீர்ப்பு தெளிவாக இருக்கும். எடுத்த அன்று எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும்.

நட்சத்திரங்களில் கஞ்சத்தனம் நல்லது. பாதிப் படங்களுக்கு ஐந்து நட்சத்திரம் தந்தால் நட்சத்திரத்தைக் கொண்டு தேடுவதில் பொருளே இல்லை.

குறிச்சொற்களைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். இன்றைய மென்பொருள்கள் யூனிகோடு தமிழைச் சிக்கலின்றி ஏற்கின்றன. சிக்கல் தட்டச்சில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. 'கோயில்' என்று இன்றைக்கும் 'கோவில்' என்று அடுத்த மாதமும் எழுதினால், மென்பொருளுக்கு அவை இரண்டு தனிச்சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றதன் படங்கள் வாரா. 'பூ', 'பூக்கள்', 'மலர்' என்பவையும் அப்படியே. 'கடற்கரையில்' என்று வேற்றுமை உருபோடு எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். எனவே ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: பெயர்ச்சொல், ஒருமை, உருபு இல்லாமல், ஒரே எழுத்துக்கூட்டல். லைட்ரூமில் ஒரு குறிச்சொல்லுக்கு இணைச்சொற்களையும் பதிந்துவைக்கும் வசதி உண்டு; 'கோயில்' என்பதற்குக் 'கோவில்', 'ஆலயம்' ஆகியவற்றை அங்கே சேர்த்துவிட்டால் எதைத் தேடினாலும் கிடைக்கும். புதிதாக எழுதும்போது, முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பின் மென்பொருள் காட்டும் பரிந்துரையிலிருந்து தேர்ந்தெடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

பழைய படங்களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தலைப்புகள் இருந்தால், அவை இப்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றியின் வழியே யூனிகோடுக்குக் கொண்டுவந்து மறுபடி ஒட்டலாம்.

எத்தனை குறிச்சொற்கள் போதும்? நாளைக்கு எந்தச் சொல்லைக் கொண்டு இந்தப் படத்தைத் தேடுவேன் என்று கேட்டுக்கொண்டு, அந்தச் சொற்களை மட்டும் எழுதுங்கள். நபர், இடம், நிகழ்வு என்ற மூன்று தலைப்புகளின் கீழ் அடங்குபவையே பெரும்பாலோருக்குப் போதும். தேதி எழுத வேண்டியதில்லை. கேமரா அதைப் படத்துக்குள் எக்ஸிஃப் தகவலாக ஏற்கெனவே எழுதியிருக்கிறது.

கேமராவின் கடிகாரமே தவறாக இருந்தால்?

ஒரு படத்தின் சரியான நேரம் தெரிந்தால் போதும். அந்த நாளின் படங்கள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, எடுத்த நேரத்தைத் திருத்தும் கட்டளையில் அந்த ஒன்றின் நேரத்தைச் சரிசெய்தால், மற்றவையும் அதே அளவு நகரும். இரண்டு கேமராக்களில் எடுத்த ஒரே நிகழ்ச்சி வரிசை குலைந்து நிற்பதற்கும் இதுவே மருந்து.

இத்தனை ஸ்லைடர்களில் எதை முதலில் தொடுவது?

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஜன்னலோரம் அமர்ந்து ஒரு சிறுமி புத்தகம் படிக்கிறாள். ஜன்னல் திரைச்சீலை வெளுத்துக் கிடக்கிறது, முகம் இருண்டிருக்கிறது, சுவர் சற்றே நீலம் பாய்ந்திருக்கிறது. லைட்ரூமின் பெயர்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. சுவர் உண்மையில் வெள்ளை என்பது தெரிந்ததால், சொட்டுக்குழாய்க் கருவியால் அந்தச் சுவரைத் தொடுகிறோம். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 4900இலிருந்து 5600க்கு ஏறுகிறது, நீலம் விலகுகிறது. இங்கே பலருக்கு ஓர் ஐயம் எழும்: இயற்பியலில் கெல்வின் கூடினால் ஒளி நீலமாகத்தானே வேண்டும், இங்கே படம் மஞ்சளாகிறதே? அந்த எண், படம் எடுத்த இடத்தில் எந்த ஒளி இருந்தது என்று நீங்கள் மென்பொருளுக்குச் சொல்லும் தகவல். 'ஒளி இன்னும் நீலமாக இருந்தது' என்று சொன்னால், அதை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது.

அடுத்து எக்ஸ்போஷர். 1 என்ற அளவுக்குக் கூட்டினால் ஒளி இரண்டு மடங்காகும், இங்கே 0.70 போதும். திரைச்சீலை இப்போது இன்னும் வெளுக்கும், அஞ்ச வேண்டாம். ஹைலைட்ஸ் ஸ்லைடரை −60க்கு இறக்கினால் துணியின் மடிப்புகள் திரும்பி வரும். ஷேடோஸை 35 கூட்டினால் கன்னமும் கண்களும் தெளியும். இவ்வளவும் செய்த பிறகு படம் சாம்பல் பூசியதுபோல் தோன்றும். பிளாக்ஸை −10க்கு இறக்கினால் தலைமுடிக்குக் கருமை மீளும். ஓரத்தில் துருத்தி நிற்கும் நாற்காலிக் காலை வெட்டிவிட்டால் வேலை முடிந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

இதற்கிடையில் மேல் மூலையிலுள்ள ஹிஸ்டோகிராமைப் பார்த்துக்கொண்டே இருங்கள்; படத்தில் கருப்பு முதல் வெள்ளை வரை ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம் அது. இடது சுவரில் மோதி நிற்கும் மேடு, விவரமற்ற கருப்பு. வலது சுவரில் மோதினால் விவரமற்ற வெள்ளை. ஆனால் நடுவில் அழகான மலை தெரிய வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. பனிமூட்டத்துக்கும் இரவுக் காட்சிக்கும் வரைபடம் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். விவரங்களை எடுப்பாக்கும் கிளாரிட்டி, நிறங்களை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் என்ற இரண்டையும் முதல் மாதம் தொடாமலேயே இருந்தால் நல்லது.

பிரீசெட் வாங்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். வேறு ஒளியில், வேறு கேமராவில் எடுத்த படத்துக்காக யாரோ நகர்த்திய ஸ்லைடர்களின் தொகுப்பு அது. நீங்களே ஒரு படத்தைத் திருத்தி, அதே ஒளியில் எடுத்த மற்ற முப்பது படங்களுக்கும் அந்த அமைப்புகளைப் படியெடுத்து ஒட்டும் கட்டளையைக் கற்றுக்கொண்டால் அதிகப் பயன் கிடைக்கும்.

திருத்திய படத்தை நண்பருக்கு அனுப்பினேன். பழைய படமே போயிருக்கிறது. ஏன்?

கோப்புறையிலுள்ள மூலத்தை நேரடியாக இணைத்து அனுப்பியிருப்பீர்கள். திருத்தங்கள் பேரேட்டில்தான் இருக்கின்றன. அவற்றோடு கூடிய புதிய கோப்பு வேண்டுமானால் ஏற்றுமதி செய்ய வேண்டும். திரையில் பார்ப்பதற்கு நீண்ட பக்கம் 2048 புள்ளிகள், ஜேபெக் தரம் 80, எஸ்ஆர்ஜிபி வண்ணவெளி (கோப்பிலுள்ள எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்று சொல்லும் பொது வரையறை) என்று வைத்துக்கொள்ளலாம். வேறு வண்ணவெளியில் அனுப்பினால் சில திரைகளில் நிறம் மங்கித் தெரியும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 6×4 அங்குலப் படத்துக்கு 1800×1200 புள்ளிகள் தேவை. 6000×4000 புள்ளிகள் கொண்ட 24 மெகாபிக்சல் படம் 20 அங்குல அகலம் வரை தாங்கும். பொதுவெளியில் பகிரும்போது இடக் குறிப்பை நீக்கும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் எடுத்த படத்தில் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளியும் இருக்கக்கூடும். பகிர்ந்த பிறகு ஏற்றுமதிக் கோப்பை அழித்துவிடலாம், வேண்டும்போது மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

அச்சில் மட்டும் படம் இருட்டாக வருகிறதே?

பெரும்பாலும் குற்றம் திரையினுடையது. கடையிலிருந்து வரும்போது திரைகள் அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் இருக்கும். அதில் சரியாகத் தெரியும்படி நீங்கள் திருத்தினால் கோப்பு இருண்டுதான் இருக்கும். திரை வெளிச்சத்தைப் பாதியளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

மென்பொருள் வாராவாரம் பேக்கப் எடுக்கிறது. அது போதுமா?

போதாது. லைட்ரூமை மூடும்போது அது எடுக்கும் பேக்கப் கேட்டலாகுக்கு மட்டும்தான். அதில் ஒரு படம்கூட இல்லை. படங்களின் கோப்புறைகளையும் பேரேட்டையும் சேர்த்து நீங்களே படியெடுக்க வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டடத்தில் என்பது இத்துறையில் நிலைத்துவிட்ட 3-2-1 விதி. எப்போதும் கணினியிலேயே செருகியிருக்கும் வெளி டிஸ்க்கை மட்டும் நம்ப வேண்டாம், ஏனென்றால் மின்தாக்கோ வைரஸோ வந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும்.

நாளைக்கு இந்த மென்பொருளே நிறுத்தப்பட்டால் என் உழைப்பு என்னாகும்?

நியாயமான அச்சம். பலர் விரும்பிப் பயன்படுத்திய பிகாசா என்ற படமென்பொருளை 2016இல் கூகுள் கைவிட்டது. அதே வகையைச் சேர்ந்த தன் அபர்ச்சர் மென்பொருள் நிறுத்தப்படும் என்று ஆப்பிள் 2014இல் அறிவித்தது. இரண்டிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

ஸ்லைடர் திருத்தங்கள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு முழுமையாகப் போவதில்லை; ஒவ்வொன்றின் கணிதமும் வேறு. அதனால் மிகச் சிறந்த சில நூறு படங்களையேனும் திருத்திய வடிவில் முழு அளவு ஜேபெக்காகவோ டிஃப் (TIFF) என்ற பட வடிவத்திலோ ஏற்றுமதி செய்து தனியே வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம், குறிச்சொல், தலைப்பு ஆகியவற்றின் கதை வேறு. எக்ஸ்எம்பி என்ற பொது வடிவத்தில் அவற்றை ஜேபெக்காக இருந்தால் கோப்புக்குள்ளேயும், ராவாக இருந்தால் பக்கத்தில் ஒரு துணைக்கோப்பிலும் எழுதிவைக்கலாம். பெரும்பாலான மென்பொருள்கள் அதைப் படிக்கும். டார்க்டேபிள் துணைக்கோப்பைத் தானாகவே எழுதுகிறது. லைட்ரூம் கிளாசிக்கில் அது தொடக்கத்தில் அணைந்திருக்கும்; கேட்டலாக் அமைப்புகளுக்குள் சென்று நீங்கள்தான் இயக்க வேண்டும்.

இயங்குகிறதா என்பதை இன்றே சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு படத்துக்கு 'சோதனை' என்று குறிச்சொல் எழுதி, அந்தக் கோப்பையும், பக்கத்தில் துணைக்கோப்பு இருந்தால் அதையும் வேறொரு கோப்புறைக்குப் படியெடுத்து, வேறொரு மென்பொருளில் திறவுங்கள். அங்கே அந்தச் சொல் தெரியவில்லை என்றால், நீங்கள் இதுவரை எழுதிய குறிச்சொற்கள் எல்லாம் அந்த ஒரே பேரேட்டுக்குள்தான் அடைபட்டிருக்கின்றன.